20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்களுக்கு யோகா

வந்த அன்றைக்கு ஆசனம் எதுவும் சொல்லித்தராதீர்கள். ஏற்காட்டில் வீட்டு அறையை விருந்தாளிகளுக்கு விட்டு, யோகா வகுப்பும் நடத்தலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்.

சேலம் ஜங்ஷனில் இறங்கி, அடிவாரம் தாண்டி 20 வளைவு சுற்றி வருகிறார்கள். பாதிப் பேருக்குத் தலை கிறுகிறுக்கும். அதனால் முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள்: வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், முன்சீட்டில் உட்காருங்கள், வளைவில் போனைப் பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்ததும் நான் கொடுப்பது இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரும் ஒரு பாயும்தான். சவாசனம் என்று பேர்கூடச் சொல்வதில்லை. "சும்மா படுங்க."

மகாபலிபுரம், புதுச்சேரி என்று கடற்கரையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருபவர்கள் தனி ரகம். மெல்லிசுப் பருத்தி பேன்ட் இரண்டு, கையில்லாத பனியன் இரண்டு, அவ்வளவுதான் மூட்டை. இங்கே உயரம் 1,500 மீட்டர். டிசம்பர் விடியலில் பல் தந்தியடிக்கும். அலமாரியில் நாலைந்து ஸ்வெட்டர், சால்வை எப்போதும் வைத்திருங்கள். கடற்கரை வெக்கையில் கால் விரலைத் தொட்ட கை, இங்கே முழங்காலோடு நின்றுவிடும். அவர்களுக்கு முகம் வாடிப்போகும். குளிரில் தசை இறுகுவது இயல்பு என்று சொல்லிவிட்டு, கணுக்காலில் தொடங்கி கழுத்து வரை இருபது நிமிடம் மூட்டுப் பயிற்சி கொடுங்கள். சூரிய நமஸ்காரம் அப்புறம்தான்.

மொட்டை மாடியில் வகுப்பு வைத்தால் படம் அழகாக வரும். முதல் வருடம் நானும் வைத்தேன். பனி இறங்கிய சிமெண்ட் தரை. கால்களை முன்னும் பின்னும் அகட்டி வீரபத்ராசனத்தில் நின்ற ஒரு பெண்ணின் மேட், அடியில் மெல்ல நகர்ந்தது; முன்கால் போய்க்கொண்டே இருக்கிறது, பின்கால் நின்ற இடத்திலேயே இருக்கிறது. தொடை பிடித்துக்கொண்டது. பார்க்க வந்த ஊரில் ஒன்றையும் பார்க்காமல் மூன்று நாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது கூடத்தில்தான் வகுப்பு. பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல் மேட் போட்டால் தரைச் சில்லிப்பு ஏறாது. வெயில் வந்து மாடி உலர்ந்தால், பிராணாயாமம் மட்டும் மேலே.

முதல் வகுப்புக்கு முன் ரத்த அழுத்தம், டிஸ்க் தொந்தரவு, கண்ணழுத்தம், அறுவை சிகிச்சை, கர்ப்பம் பற்றித் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் நடுவில் உண்மை வராது. மூன்று நாள் தங்குபவர்களுக்கு நான் சிரசாசனம் சொல்லித்தருவதே இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். தோட்டத்து மிளகு தட்டிப் போட்ட ரசம், சாதம், ஒரு பொரியல் போதும். காலையில் வெறும் வயிற்றோடு ஆறரைக்கு வகுப்பு. காபி கூடாது என்று சொல்லும் யோகா ஆசிரியர்கள் உண்டு. சன்னலுக்கு வெளியே காபிச் செடியை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வது? வகுப்பு முடிந்ததும் ஒரு டம்ளர்.

விடியும் முன் தனியாக நடக்கப் போகிறேன் என்பவர்களை விடாதீர்கள். தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கும். பனிமூட்டத்தில் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா படிகளை வந்தவுடனேயே வாங்கிவிடுங்கள். வெந்நீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கிளம்பும் அன்றைக்கு இரண்டு இட்லிக்கு மேல் வைக்காதீர்கள். அதே 20 வளைவு இறங்க வேண்டுமே. மிச்சப் பசியைச் சேலத்தில் தட்டுவடை செட் பார்த்துக்கொள்ளும்.