ஃபர்னஸ் ஆயில் பர்னர்: புகை நின்றது எப்படி

ஃபர்னஸ் ஆயில் என்ற கனமான எரிஎண்ணெயில் ஓடும் எங்கள் பாய்லர் பர்னர் கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. காற்றைக் கூட்டினால் சுடர் பர்னரின் நுனியை விட்டு விலகித் துடித்ததே தவிர, புகை குறையவில்லை. அப்போதே என் சந்தேகம் எண்ணெய்த் துளிகள் மேல்தான். கனமான எண்ணெய் மெல்லிய தூவலாக உடையாவிட்டால், பெரிய துளிகள் எரிந்து முடிவதற்குள் சுவரில் மோதிக் கரியாகப் படியும்.

எண்ணெயைத் தூவும் முனையான நாசிலைக் கழற்றினேன். வாயைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கரி தடித்திருந்தது; உள்ளே எண்ணெயைச் சுழலவைக்கும் தகட்டின் காடி (பள்ளம்) ஒன்று அடைப்பு. டீசலில் ஊறவைத்து மரக்குச்சியால் எடுத்தேன். கம்பி விட்டுக் குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். துளை அகன்றால் நாசில் அவ்வளவுதான்.

சரி, அடைப்பு போயும் புகை பாதிதான் குறைந்தது. எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் 110 டிகிரி செல்சியஸ் காட்டியது, ஆனால் நாசிலுக்கு அருகே குழாய் அவ்வளவு சூடாக இல்லை. இடையில் காப்பு உறை பெயர்ந்திருந்தது. அழுத்தத்தால் தெளிக்கும் பர்னருக்கு எண்ணெயின் பிசுப்பு (பாகுத்தன்மை) நாசில் முனையில் 15 முதல் 20 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை இருப்பது நல்லது; எண்ணெய் ஆறினால் பிசுப்பு கூடிவிடும். அதனால் உறையைப் புதிதாகச் சுற்றி, பற்றவைக்கும் முன் சூடான எண்ணெயைத் திரும்புக் குழாய் வழியாகச் சுழலவிட்டேன். அளவுக்கு மீறிச் சூடேற்றக் கூடாது. ஆவிக்குமிழ் உண்டாகிச் சுடர் விட்டுவிட்டு எரியும்.

காற்றை மறுபடி அப்புறம்தான் தொட்டேன். புகைபோக்கியில் ஆக்சிஜன் 3 முதல் 4 சதவீதம் வரும்வரை மெல்லக் குறைத்தேன்.