பதுவையில் ஒரு பெத்ரோக்கி காபி: முதல் முறை போகிறவர்களுக்கு

வெனிஸ் வரை போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பதுவைக்கும் போய் வாருங்கள். கோடி அற்புதர் அந்தோனியாரின் ஊர்தான். அங்கே 1831-இல் அந்தோனியோ பெத்ரோக்கி திறந்த காபிக்கடை இன்னும் நடக்கிறது. 1916 வரை இரவும் பகலும் திறந்தே கிடந்ததால் அதற்குக் ‘கதவில்லாத கடை’ என்றே பெயர்.

1. வெனிஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் டிராம் பிடித்து, போந்தி ரோமானி நிறுத்தத்தில் இறங்குங்கள். கடை பக்கத்திலேயே இருக்கிறது.

2. உட்காரும் முன் அறைகளைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று அறைகள். எனக்கு மிகவும் பிடித்தது பச்சை. கையில் காசில்லாதவர்கள் எதுவும் வாங்காமல் உட்கார்ந்து பத்திரிகை படிக்கட்டும் என்று அந்தக் காலத்தில் ஒதுக்கிய அறை அது. எதிரிலேயே 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது; மாணவர்களுக்கு அந்த அறை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

வெள்ளை அறைச் சுவரில் ஒரு சிறு குழியைத் தேடுங்கள். 1848 பிப்ரவரி 8 அன்று, ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்து எழுந்த மாணவர்கள் மீது படையினர் சுட்டபோது பாய்ந்த குண்டின் தடம். பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

3. இத்தாலியில் பொதுவாக மேஜையில் உட்கார்ந்தால் விலை கூடும், நின்று குடித்தால் குறையும். இங்கே மட்டும் உட்காருங்கள். “ஊன் பெத்ரோக்கி, பெர் ஃபவோரே” என்றால் போதும். வெறுமனே “கஃபே” என்று கேட்டால் சின்னக் கோப்பையில் எஸ்பிரஸோதான் வரும்.

4. இனிதான் முக்கியம். கீழே சூடான எஸ்பிரஸோ, அதன்மேல் புதினா சேர்த்த குளிர்ந்த கிரீம், உச்சியில் தூவிய கோகோ பொடி. கரண்டி இருந்தாலும் கலக்க வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். கோப்பையைச் சாய்த்து அப்படியே உறிஞ்சுங்கள். முதலில் உதட்டில் கிரீமின் குளிர்ச்சி, அப்புறம் அதற்கடியிலிருந்து சூடும் கசப்பும் வரும். கலக்கிவிட்டால் வெதுவெதுப்பான புதினாக் காபி மட்டும்தான் மிஞ்சும்.

5. குடித்ததும் அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள். நீங்களாகக் கேட்கும்வரை பில் வராது. “இல் கோந்தோ” என்று கேளுங்கள். நேரமிருந்தால் சீட்டு வாங்கிக்கொண்டு மாடிக்கும் போகலாம். எகிப்து, கிரேக்கம், ரோம் என்று ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு பாணி.