கோழிக் கருவின் தலை: எந்தப் பாகம் எதிலிருந்து வந்தது?

கருவில் முதலில் உருவாகும் மூன்று செல் அடுக்குகள்: வெளியே புறப்படை, நடுவே நடுப்படை, உள்ளே அகப்படை. 'எலும்பு என்றால் நடுப்படைதானே?' என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். கை, காலுக்கு அது சரி. முகத்தின் எலும்பும் குருத்தெலும்பும் நியூரல் கிரெஸ்ட் செல்களிலிருந்து, அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாயின் விளிம்பிலிருந்து பிரிந்து நகரும் செல்களிலிருந்து, வருபவை. மூன்று நாள் அடைவைத்த முட்டையைப் பார்த்து வரைந்தால் இது மறக்காது.

1. கடை முட்டையில் கரு இருக்காது. பெங்களூரில் இருப்பவர்கள் ஹெசரகட்டா பக்கக் கோழிப் பண்ணைகளில் அடைவைக்கும் முட்டை கேட்டு வாங்கலாம். கழுவ வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

2. படுக்கை வாக்கில் வைத்து, மேல்பக்கத்தில் பென்சில் குறி போடுங்கள். 38 டிகிரி, 72 மணி நேரம், திருப்பக் கூடாது. பல்பு வைத்த பெட்டி பெங்களூர் மார்கழி இரவில் குளிர்ந்துவிடும், கரு பின்தங்கிவிடும், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டிவிடுங்கள்.

3. மழுங்கிய முனையில் துளையிட்டு, ஊசியைக் கீழ்நோக்கிச் செலுத்தி 2-3 மில்லி வெண்கருவை உறிஞ்சி எடுங்கள். இதைத் தவிர்த்தால் கரு முட்டை ஓட்டோடு ஒட்டியே மிதக்கும்; கத்தரி முதலில் ரத்தக்குழாயைத்தான் வெட்டும். துளையை டேப்பால் மூடி, குறி போட்ட இடத்திலும் டேப் ஒட்டிய பிறகு அங்கே ஓட்டில் சன்னல் போலத் திறப்பு வெட்டுங்கள். ஓட்டுத் தூள் உள்ளே விழாது.

4. காய்ந்துபோகாமல் வெதுவெதுப்பான உப்புநீர் (லிட்டருக்கு 7.2 கிராம்) சில சொட்டு விடுங்கள். லென்ஸில் பெரிய கண்ணும் துடிக்கும் இதயமும் தெரியும். இரண்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருப்பவை தொண்டை வளைவுகள்; தாடையும் கழுத்துப் பகுதியும் இவற்றிலிருந்து உருவாகும். தெளிவாக இல்லையென்றால் அடுத்த முட்டையை ஆறு மணி நேரம் கழித்துத் திறங்கள். திறந்த முட்டையை மறுபடி அடைவைக்காமல், பார்த்து முடித்ததும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

5. இப்போது வரையுங்கள். ஒரு வளைவுக்கு ஒரே வண்ணம் தீட்டுவதுதான் வழக்கமான தவறு. வளைவை நிரப்பும் நியூரல் கிரெஸ்ட் நீலம்: தாடை எலும்பு இதிலிருந்து. நடுவிலுள்ள நடுப்படை சிவப்பு: தாடைத் தசை. உள்பக்க அகப்படை மஞ்சள்: தைமஸ், பாராதைராய்டு சுரப்பிகள். வெளித்தோலான புறப்படை பச்சை: கண் லென்ஸ், உட்செவி. கண் முழுவதையும் பச்சையாக்கிவிடாதீர்கள்; விழித்திரை மூளையிலிருந்தே புடைத்து வந்தது, அதற்குத் தனி வண்ணம்.

நீலம் தீட்டிய நியூரல் கிரெஸ்ட் செல்களை வெறும் லென்ஸில் பிரித்துப் பார்க்க முடியாது. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காடை செல்லின் உட்கருவில் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த பொருள்) கட்டியாகத் திரண்டிருக்கும், கோழியில் அப்படியில்லை. 1969இல் பிரெஞ்சுக் கருவியல் ஆய்வாளர் நிக்கோல் லெ துவாரென் இதை அடையாளமாக்கினார். காடைத் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டி, அது எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று பின்தொடர முடிந்தது அதனால்தான்.

நாக்குத் தசையை வளைவுக்குள் வரையாதீர்கள். அது காதுக்குப் பின்னாலுள்ள சோமைட்டுகளிலிருந்து (தண்டுவடக் குழாயின் இருபுறமும் வரிசையாக இருக்கும் நடுப்படைக் கட்டிகள்) நகர்ந்து வருவது. அங்கிருந்து ஒரு சிவப்பு அம்பு போடுங்கள்.