விர்ர்ரென்று சுழலும் நூல் சக்கரம்: ஆய்வகம் வரை போன விளையாட்டுப் பொருளை வீட்டில் செய்வோம்

சோடா மூடியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்துச் சுழற்றி விளையாடியவர்கள் நம்மில் நிறைய பேர். இரண்டு பக்கமும் நூலை இழுத்து இழுத்து விட்டால் மூடி விர்ர், விர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். சட்டைப் பொத்தானில் செய்தவர்களும் உண்டு.

இதே பொருள் 2017 ஜனவரியில் ஓர் அறிவியல் இதழில் வந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற பேராசிரியரின் குழு, காகிதம், நூல், கொஞ்சம் பிளாஸ்டிக் இவற்றை மட்டும் வைத்து ஒரு சக்கரம் செய்தது. பெயர் பேப்பர்ஃபியூஜ். எடை 2 கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட். கையால் இழுத்தே நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனது. ரத்தத் துளியிலிருந்து பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியைப் பிரிக்க அதற்கு ஒன்றரை நிமிடம் போதும். மருத்துவ ஆய்வகத்தில் மின்சாரத்தில் ஓடும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் செய்கிற வேலை இது. உகாண்டாவில் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போனபோது, மின்சாரம் இல்லாததால் அந்த இயந்திரத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்ததை பிரகாஷ் பார்த்திருக்கிறார். யோசனை அங்கேதான் தொடங்கியது. ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியரான சாத் பாம்லா நம் சென்னை ஐஐடியில் படித்தவர்.

இணையத்தில் வினோதக் கருவிகள் ஆயிரம் பார்க்கிறோம், பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். இதை மட்டும் பார்த்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும். இதன் சூட்சுமம் சக்கரத்தில் இல்லை, நூலில் இருக்கிறது. அது கையில் பிடித்தால்தான் தெரியும்.

தேவையானவை

நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டை இரண்டு, ஃபெவிகால், கத்தரிக்கோல், காம்பஸ், ஒரு பெரிய கோட்டுப் பொத்தான், பழைய பேனாக் குழல் இரண்டு, கறுப்பு மார்க்கர். அப்புறம் நூல்.

நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பூக்கட்டும் நூல் பத்து இழுப்பில் அறுந்துவிடும். சணல் சொரசொரப்பானது, முறுக்கு சரியாக விழாது. மாஞ்சா நூலை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள், கையை அறுத்துவிடும். கொத்தனார்கள் சுவருக்கு நூல் பிடிக்கும்போது இழுத்துக் கட்டுகிற மெல்லிய நைலான் நூல் இருக்கிறதே, அதுதான் சரி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

படி 1: வட்டு

இரண்டு அட்டைகளையும் ஃபெவிகால் தடவி ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். ஈரம் காயாத அட்டை சுழலும்போது வளையும்.

காய்ந்ததும் காம்பஸை 5 செ.மீ. விரித்து வட்டம் போட்டு வெட்டுங்கள். காம்பஸ் முள் குத்திய இடம்தான் மையம், அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காம்பஸ் இல்லையென்றால், ஏதாவது டப்பா மூடியைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டி, அந்தக் காகிதத்தை நான்காக மடியுங்கள். மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி மையம். அதை அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: பொத்தான்

அட்டையில் நேரடியாக இரண்டு ஓட்டை போட்டும் செய்யலாம், ஆனால் முதல் முறை செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே சக்கரம் தள்ளாடும். கொஞ்ச நேரத்தில் நூல் அட்டையையும் கிழித்துவிடும். பொத்தானின் ஓட்டைகள் தொழிற்சாலையிலேயே சரியாக அளந்து போட்டவை, அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

வட்டின் மையத்தில் பொத்தானை வைத்து, அதன் ஓட்டைகள் வழியாகக் கோணி ஊசியால் அட்டையைக் குத்துங்கள். நான்கு ஓட்டைப் பொத்தான் என்றால் மூலைக்கு மூலை எதிரெதிரான இரண்டு மட்டும் போதும். பிறகு பொத்தானை ஒட்டிவிடுங்கள். நடுவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பொத்தான் விளிம்பிலிருந்து வட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிட்டால் பின்னால் எதைச் செய்தும் பயனில்லை.

படி 3: நூல் கோர்த்தல்

130 செ.மீ. நூல் வெட்டுங்கள். ஒரு ஓட்டையில் நுழைத்து அடுத்த ஓட்டை வழியாகத் திரும்ப எடுத்து, இரண்டு முனையையும் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இப்போது ஒரு பெரிய வளையம், நடுவில் வட்டு. வளையத்தின் இரு கோடியிலும் ஒவ்வொரு பேனாக் குழலைச் செருகுங்கள். விரலில் நூலை நேரடியாகச் சுற்றிக்கொண்டால் வலிக்கும், குழல் அதற்குத்தான்.

படி 4: சுழற்றுவது

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

வட்டை நடுவில் தொங்கவிட்டு, நூலைத் தளர்வாகப் பிடித்து, ஊஞ்சல் கயிறு முறுக்குவதுபோல ஒரே திசையில் இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். முறுக்கு ஏறியதும் இரு கையையும் வெளிப்பக்கம் மெதுவாக இழுங்கள். முறுக்கு பிரியும், வட்டு சுழலும்.

முறுக்கு முழுதாகப் பிரிந்ததும் நம் கை தானாகவே இன்னும் இழுக்கப் பார்க்கும். இழுத்தால் வட்டு அங்கேயே நின்றுவிடும். அந்த நொடியில் கையைத் தளர்த்த வேண்டும். சுழலும் வேகம் வட்டிடம் இருக்கிறது, அது நிற்காமல் நூலை எதிர்த்திசையில் தானே முறுக்கிக்கொள்ளும், உங்கள் கைகளையும் உள்ளே இழுக்கும். இழுக்க விடுங்கள். அது நின்று திரும்பும் தருணத்தில் மறுபடி இழுங்கள். இழு, விடு, இழு, விடு. அவ்வளவுதான் தாளம்.

என் அக்கா மகனுக்கு எவ்வளவு விளக்கியும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னேன். சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டுக் கேட்டு இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். உங்களுக்கும் வரவில்லையென்றால் கண்ணை நம்பாமல் காதை நம்பிப் பாருங்கள்.

நூலைக் கவனியுங்கள்

தாளம் பிடித்த பிறகு, நூல் முறுக்கிக்கொள்ளும் பக்கத்தைப் பாருங்கள். முதலில் இரண்டு இழையும் ஒன்றையொன்று சுற்றும். அதற்கு மேலும் முறுக்கு ஏறினால், முறுக்கிய கயிறே சுருண்டு சுருளுக்குள் சுருளாக மாறும். நம் செல்களுக்குள் டிஎன்ஏ சுருண்டிருப்பதும் இப்படித்தான். இந்த இரட்டைச் சுருள் ஒரு ஸ்பிரிங்கைப் போலச் சக்தியைத் தேக்கி வைத்து அடுத்த சுற்றுக்குத் திருப்பித் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு குழு யோ-யோ போன்ற சுழலும் பொம்மைகளையெல்லாம் சோதித்துவிட்டு இந்த எளிய சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது. பிறகு இதற்குக் கணிதச் சமன்பாடுகளே எழுதினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிள்ளைகள் கையில் இருந்த பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று யாரும் முழுதாகக் கணக்குப் போட்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த செய்தி.

படி 5: வேகத்தை அளப்பது

வட்டின் மையத்திலிருந்து விளிம்புவரை மார்க்கரால் ஒரு தடித்த கோடு போடுங்கள். ஃபோன் கேமராவில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால், ஒருவர் சுழற்ற இன்னொருவர் படம் எடுக்கட்டும். வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கோடு ஒரு சுற்று முடிக்க எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். 6 பிரேம் என்றால் நொடிக்கு 40 சுற்று, நிமிடத்துக்கு 2,400. கோடு பிரேமுக்குப் பிரேம் எங்கெங்கோ தாவினால் உங்கள் சக்கரம் கேமராவை முந்திவிட்டது என்று அர்த்தம். வட்டின் அளவைக் குறைத்தும் செய்து பாருங்கள், சின்ன வட்டு இன்னும் வேகமாகச் சுற்றும்.

படி 6: மஞ்சள் தண்ணீர்ச் சோதனை

ஜூஸ் டப்பாவுடன் வரும் மெல்லிய ஸ்ட்ராவில் 3 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு முனையை மெழுகுவத்தியில் லேசாகச் சூடுகாட்டி இடுக்கியால் நசுக்கினால் மூடிக்கொள்ளும். உள்ளே மஞ்சள்தூள் கலந்த தண்ணீரை முக்கால்வாசி விட்டு மறுமுனையையும் அப்படியே மூடுங்கள். இதைப் பெரியவர்கள் செய்வது நல்லது. பிழிந்து பார்த்து ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டையும் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி, நேரெதிராக, ஒரே தூரத்தில் வைத்து அகலமான செல்லோ டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் எடை சாய்ந்து வட்டு உதறும்.

முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, ஒரு நிமிடம் சுழற்றுங்கள். முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிரே யாரும் நிற்க வேண்டாம். உலோக மூடியை இந்த வேகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

நிறுத்திவிட்டு ஸ்ட்ராவை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மஞ்சள்தூள் விளிம்புப் பக்க முனையில் அடர்ந்து ஒதுங்கியிருக்கும், உள்பக்கத்தில் தண்ணீர் தெளிய ஆரம்பித்திருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, பிளாஸ்மா உள்பக்கம் நிற்பதும் இதே மாதிரிதான்.

தள்ளாட்டம் நிற்கவே இல்லையென்றால் படி 2-க்குத் திரும்பிப் போய் பொத்தானை அளந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.