கடல் அட்டையின் மரபணு எழுத்தைப் புரதமாகப் படிப்பது எப்படி?

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் பிடிபடும் கடல் அட்டை பெரும்பாலும் அவித்து உலர்த்திய நிலையில்தான் கிடைக்கும். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட உயிரினம் இது. உருவம் மாறிப்போனதில் இனத்தைச் சொல்ல, மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. (சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் 1) மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் (ஏ, டி, ஜி, சி என்னும் காரங்களை) படிப்பார்கள். அவை பிழையின்றி வந்திருக்கின்றனவா என்று பார்க்க, செல் செய்வதைத் தாளில் நாமே செய்துபார்க்கலாம்.

செல்லில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், டி.என்.ஏ.வைப் பார்த்துத் தூது ஆர்.என்.ஏ.வை எழுதும், டி வரவேண்டிய இடத்தில் யு வரும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் (ஒவ்வொரு மூன்றும் ஒரு கோடான்) படிக்க, கடத்து ஆர்.என்.ஏ. உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும். நிறுத்தக் கோடான் வந்ததும் புரதச் சங்கிலி கழன்றுவிடும்.

கையில் இருப்பது எதிர் இழை என்றால், ஏ–டி, ஜி–சி என்று ஜோடி மாற்றி, வரிசையைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதுங்கள். ஜோடியை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்ப மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இந்தத் துண்டு மரபணுவின் உட்பகுதியிலிருந்து எடுத்தது. அதனால் தொடக்கத்தில் ஏடிஜி என்னும் தொடக்கக் கோடானைத் தேட வேண்டாம். முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்திலிருந்து தனித்தனியே படியுங்கள். நடுவில் நிறுத்தம் வராத வாசிப்பே சரியானது.

பலரும் கோட்டைவிடுவது, எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்று காட்டும் அட்டவணையில். இப்படிப் பல அட்டவணைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாடப்புத்தகத்தில் இருப்பது உட்கரு மரபணுக்களுக்கானது. மைட்டோகாண்ட்ரியா அதை அப்படியே பின்பற்றுவதில்லை. இந்த வரிசையைப் பாருங்கள்:

ஏடிஜி ஜிசிஏ டிஜிஏ ஏஏஏ ஏஜிஏ டிஏஏ

பாடப்புத்தக அட்டவணைப்படி (எண் 1) மெத்தியோனின், அலனின், அத்தோடு நிறுத்தம். விளைமீனுக்கு எண் 2: டிஜிஏ டிரிப்டோஃபேன் ஆகிறது, அடுத்து லைசின், ஏஜிஏவில் நிறுத்தம். இறாலுக்கும் நண்டுக்கும் எண் 5: ஏஜிஏ செரின். கடல் அட்டைக்கு எண் 9: டிஜிஏ டிரிப்டோஃபேன், ஏஏஏ அஸ்பராஜின், ஏஜிஏ செரின், டிஏஏவில்தான் நிறுத்தம். மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேனைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ. யுஜிஏவையும் படித்துவிடுவதே டிஜிஏ நிறுத்தமாகாததற்குக் காரணம். கணினியில் செய்தாலும் இந்த எண்ணை நாம்தான் மாற்ற வேண்டும்; பல மென்பொருள்கள் 1இல்தான் தொடங்கும்.

எண் 9ஐ வைத்தும் நடுவில் நிறுத்தம் வந்தால் முதலில் குரோமடோகிராமை (ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் கருவியின் வரைபடத்தை) பாருங்கள், குறிப்பாக ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களை. அங்கே ஓர் எழுத்து விட்டுப்போனாலே அதன்பிறகு எல்லாக் கோடானும் தவறிவிடும். முகடுகள் தெளிவாக இருந்தும் நிறுத்தம் போகவில்லையென்றால், அது உட்கருவுக்குள் புகுந்துவிட்ட பழைய நகலாக இருக்கலாம். அதை வைத்து இனம் சொல்லாதீர்கள். வேறு பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) கொண்டு, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். மறுபடி செய்யுங்கள்.