ஆபீஸ் நெட்வொர்க்: மாடிக்கு ஒரு சுவிட்ச் ரேக் தேவையா?

ஆபீஸ் கட்டடத்துக்குப் புதிதாக நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போகிறீர்களா? வழக்கம்போல மாடிக்கு ஒரு சுவிட்ச் ரேக், அதற்கு ஒரு யூபிஎஸ், அது சூடாகாமல் இருக்க இரவு பகலாக ஓடும் ஒரு ஏசி என்று கொட்டேஷன் வாங்கும் முன்னால் பேசிவ் ஆப்டிகல் லேனுக்கும் (நடுவில் கரண்ட் தேவைப்படாத ஃபைபர் நெட்வொர்க்) ஒரு விலை கேளுங்கள். காப்பர் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது, அதனால்தான் மாடிதோறும் சுவிட்ச் வைக்கிறோம். இந்த லேனில் ஓடும் ஜிபான் என்ற ஃபைபர் முறை 20 கிலோமீட்டர் வரை போகும். கீழே சர்வர் அறையில் எல்லா ஃபைபரையும் நடத்தும் ஓஎல்டி என்ற ஒரு பெட்டி, நடுவில் ஒரு ஃபைபரை 32 ஆகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், அவ்வளவுதான். ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், ஏசியும் வேண்டாம். மின்சாரம் மிச்சமாவது முக்கியமாக இங்கேதான்.

ஆனால் ஃபைபர் சிக்னலைச் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றித்தர மேசைப் பக்கம் வைக்கும் ஓஎன்டி பெட்டி ஒவ்வொன்றும் சில வாட் இழுக்கும், இதைச் சேர்க்காமல் யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். நாலு போர்ட் உள்ளதை வாங்கி நாலு மேசைக்குப் பகிர்ந்தால் பெட்டிகள் குறையும். வைஃபை ஆக்சஸ் பாயின்ட், ஐபி போன் இருந்தால் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட்) தரும் மாடலா, கரண்ட் போனால் பேட்டரி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் வரும் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை அதில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை இருந்தால் 16 ஆக மட்டும் பிரியுங்கள், இல்லையென்றால் ஜிபானைவிட வேகமான எக்ஸ்ஜிஎஸ் பான் எடுங்கள், அது அதே ஃபைபரில் வேறு அலைநீளத்தில் ஓடும். ஃபைபர் முனையில் வரும் பச்சை கனெக்டரை (முனை சாய்வானது) நீலத்தோடு (முனை சாய்வில்லாதது) சொருக மட்டும் விடாதீர்கள், சிக்னல் பாழாகும், முனையும் கெடும்.