உப்புக்காற்று ஊரில் ராஸ்பெரி பைக்கு 16 கால் கூட்டுவது

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் தண்ணீர்த் தாங்கிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். மிதவை சுவிட்ச், பம்ப் ரிலே என்று சேரச் சேர ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் உள்ளீட்டு, வெளியீட்டுக் கால்கள் போதாமல் போகும். அப்போது நான் போடுவது எம்சிபி23017. சிப்புகள் தங்களுக்குள் தரவு பேசும் ஐ2சி பஸ்ஸின் இரண்டு வயரில் 16 கால் தரும் சிப்.

பையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கோ. பையின் 1ஆம் பின்னில் வரும் 3.3 வோல்ட் சிப்பின் 9ஆம் காலுக்கு. 10ஆம் கால் பையின் கிரவுண்டுக்கு. இந்த இரண்டுக்கும் குறுக்கே, சிப்பை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிற்றர். பையின் 3ஆம் பின் (எஸ்டிஏ, தரவு வயர்) 13ஆம் காலுக்கு, 5ஆம் பின் (எஸ்சிஎல், கடிகார வயர்) 12ஆம் காலுக்கு. 15, 16, 17 மூன்றையும் கிரவுண்டில் கட்டினால் பஸ்ஸில் சிப்பின் முகவரி ஹெக்ஸ் 20. 18ஆம் கால் ரீசெட், அதை 3.3இல் கட்டுங்கோ. சும்மா விட்டால் சிப் நினைத்த நேரம் காணாமல் போகும், பிழை தேடியே பொழுது போய்விடும்.

சிப் 5.5 வோல்ட் வரை தாங்கும்தான். அதற்காக 5 கொடுக்காதீங்கோ. சிப்பைப் பலகையில் பொருத்தி விற்கும் கடை மொடியூலில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர் (வயரை மேல் வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) பஸ்ஸையும் 5க்கு இழுத்துவிடும். பையின் கால் 3.3க்கு மேல் தாங்காது. பையிலேயே 1.8 கிலோஓம் புல்-அப் இருக்கிறது. 4.7 கிலோஓம் உள்ள இரண்டு மொடியூல் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 1 கிலோஓமுக்கு இறங்கி, சிப்புகள் பஸ்ஸைக் கீழே இழுக்கத் திணறும். மொடியூலில் இருப்பதைக் கழற்றிவிடுங்கோ.

பஸ்ஸைத் தண்ணீர்த் தாங்கி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பஸ் தாங்கும் மின்தேக்கக் கொள்ளளவு 400 பிக்கோஃபாரட். நீள வயர் அதைத் தின்றுவிடும். பஸ் பெட்டிக்குள்ளேயே, ஒரு சாணுக்குள் முடியட்டும். வெளியே போவது மிதவை சுவிட்ச் வயர் மட்டும். அதற்குச் சிப்பின் உள்ளே இருக்கும் 100 கிலோஓம் புல்-அப் போதாது, வெளியே 4.7 கிலோஓம் போடுங்கோ. சிப்பின் 16 கால்களில் ஜிபிஏ7, ஜிபிபி7 இரண்டையும் உள்ளீட்டுக்கு எடுக்காதீங்கோ. புதிய டேட்டாஷீட்டில் அவை வெளியீடு மட்டும்.

ரிலேயை நேரே கொளுவ ஏலாது. ஒரு கால் 25 மில்லிஅம்பியர்தான் தரும். நடுவில் ரிலேயை ஓட்டும் டிரைவர் சிப்பான யூஎல்என்2803 வேண்டும்.

பையின் அமைப்பில் ஐ2சியைத் திறந்து, பஸ்ஸில் உள்ள சிப்புகளின் முகவரியைக் காட்டும் ஐ2சிடிடெக்ட் கட்டளையை 1ஆம் பஸ்ஸுக்கு ஓட்டுங்கோ. அட்டவணையில் 20 தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் முதலில் 18ஆம் காலை அளந்து பாருங்கோ, பிறகு எஸ்டிஏ, எஸ்சிஎல் மாறிக் கிடக்கிறதா என்று.

ஜம்பர் வயர் மேசையில் பரிசோதிக்க மட்டும். கடற்கரையில் அந்தப் பின்களில் களிம்பு ஏறாமல் இருக்காது. எல்லாம் ஓடியபின் ஈயத்தால் பற்றவைத்து, பலகைக்கு வார்னிஷ் அடியுங்கோ. ஸ்குரூ ரெர்மினல்களுக்கு அதற்கு முன்பே டேப் ஒட்டிவிட வேண்டும்.